மாயாவியின் பேனா யார் கையில்?



இம்முறை தலையங்கம் காமிக்ஸைப் பற்றியது. முகம் சுளிக்க வேண்டாம். வீட்டு வாடகை, பிள்ளையின் அடையாளக் கார்டு, முதலாளி பிடித்து வைத்த சம்பளம் என்று ஆயிரம் பிரச்சினைகள் நம் கழுத்தை நெரிக்கும்போது படக்கதைக்கு என்ன அவசரம் என்று கேட்பீர்கள். நியாயமான கேள்விதான். படித்து முடித்துவிட்டுத் திட்டுங்கள்.

செமோரைச் சுற்றியிருந்த தோட்டங்களில் வளர்ந்தவர்களுக்கு ஞாயிற்றுக்கிழமை பட்டணம் போவது என்றால் என்னவென்று தெரியும். அப்பா மளிகைக் கடையில் மாதக் கணக்கைப் பார்த்து முடிக்கும் வரை என்னையும் தம்பியையும் முடிதிருத்தும் கடையின் பெஞ்சில் உட்கார வைத்துவிடுவார். பெஞ்சின் ஓரத்தில் ராணி காமிக்ஸ் கிடக்கும். அட்டை கிழிந்திருக்கும். கடைசி நான்கு பக்கம் பெரும்பாலும் இருக்காது. சவரக் கத்தியைத் துடைக்கப் போயிருக்கும். முடிவு தெரியாமலே தோட்டத்துக்குத் திரும்புவோம். சாயங்காலம் லயத்துப் படிக்கட்டில் உட்கார்ந்து முடிவை நாங்களே சொல்லிக்கொள்வோம். ஒருவன் சொன்ன முடிவை மற்றவன் ஒப்புக்கொள்ள மாட்டான். சில நாள் அது கைகலப்பில் போய் முடியும்.

அந்தப் பக்கங்களில் எங்களுக்கு அதிகம் பிடித்தவர் முகமூடி போட்ட மாயாவி. வேறு பதிப்புகளில் அவரை வேதாளர் என்பார்கள். ஆங்கிலத்தில் ஃபாண்டம். லீ ஃபாக் என்ற அமெரிக்கர் 1936-இல் தொடங்கிய தொடர் அது. 1999-இல் தாம் சாகும் வரை அவரே கதை எழுதினார். கதை உங்களுக்கும் நினைவிருக்கும். காட்டுக்குள் மண்டையோட்டுக் குகை, அதில் ஒரு சிம்மாசனம், டெவில் என்ற ஓநாய், ஹீரோ என்ற வெள்ளைக் குதிரை. (எனக்கு மாயாவியைவிட அந்தக் குதிரையைத்தான் பிடிக்கும்.) 1536-இல் கடற்கொள்ளையரிடமிருந்து தப்பிக் கரை ஒதுங்கிய ஒரு வெள்ளைக்காரர், தந்தையைக் கொன்றவனின் மண்டையோட்டின் மேல் சத்தியம் செய்கிறார். அவர் இறந்ததும் மகன் அதே முகமூடியை அணிகிறான். அவனுக்குப் பின் அவன் மகன். இப்படி இருபத்தொரு தலைமுறை. காட்டு மக்களில் பெரும்பாலோருக்கு இது தெரியாது. மாயாவிக்குச் சாவே இல்லை என்று நம்பிக் கும்பிடுகிறார்கள்.

வளர்ந்த பிறகு ஒரு நாள் இதை நினைத்துப் பார்த்தபோது எனக்குச் சிரிப்பு வந்தது. பிறகு சிரிப்பு நின்றுவிட்டது. இந்தக் கதையை நாம் காமிக்ஸில் மட்டுமா பார்த்தோம்? மேட்டில் பங்களா, கீழே லயம். ஒரு துரை போவார், இன்னொரு துரை வருவார். அதே தொப்பி, அதே அரைக்கால் சட்டை, அதே மோட்டார் சைக்கிள். பெரட்டுக்களத்தில் நின்ற நம் தாத்தாக்களுக்கு எல்லாத் துரையும் ஒரே துரைதான். துரைக்கும் சாவே இல்லை! மாயாவியின் காட்டில் அந்தத் துரை நல்லவர், அவ்வளவுதான் வித்தியாசம். நாங்களும் அந்த நல்ல துரையின் பக்கம் நின்றுதான் கதை படித்தோம். குகைக்கு வெளியே நிற்கிற பந்தார் மக்களின் பக்கம் நாங்கள் ஒருவரும் நிற்கவில்லை. அவர்களில் ஒருவர் பெயராவது உங்களுக்கு நினைவிருக்கிறதா?

லீ ஃபாக்கைக் குறை சொல்வதற்காக இதை எழுதவில்லை. அவரும் காலத்தோடு மாறியவர்தான். காலனி நாடுகள் ஒவ்வொன்றாக விடுதலை பெற்ற 1960-களில், தம் கற்பனை நாட்டுக்கு லமாண்டா லுவாகா என்ற கறுப்பின மருத்துவரை மக்கள் தேர்ந்தெடுத்த அதிபராக்கினார். ஆனாலும் குகையில் சிம்மாசனம் இருந்தது. அதில் உட்கார்ந்திருப்பவரும் மாறவில்லை.

இங்கே காமிக்ஸ் உலகத்தின் ஒரு வழக்கத்தைச் சொல்லியாக வேண்டும். நாவல் என்றால் எழுதியவருக்குச் சொந்தம். அவர் இறந்தால் கதாபாத்திரமும் அநேகமாக அவரோடு முடியும். பெரிய காமிக்ஸ் கம்பெனிகளில் அப்படியில்லை. மாவீரன் கம்பெனிக்குச் சொந்தம். எழுத்தாளர் கூலிக்கு வருபவர். ஒருவர் சில ஆண்டுகள் எழுதுவார், பிறகு பேனா இன்னொருவர் கைக்குப் போகும். புதியவர் பழைய உடையை அப்படியே வைத்துக்கொண்டு உள்ளே ஆளை மாற்றிவிடலாம். வில்லனை நல்லவனாக்கலாம், நல்லவனைச் சந்தேகிக்கலாம்.

நமக்கு மிகவும் நெருக்கமான இரும்புக்கை மாயாவியையே எடுத்துக்கொள்ளுங்கள். 1972-இல் சிவகாசியிலிருந்து முத்து காமிக்ஸ் தொடங்கியபோது முதல் இதழே அவர்தான். ஆனால் அவர் பிறந்தது 1962-இல், இங்கிலாந்தின் 'வேலியண்ட்' வார இதழில். படம் வரைந்தவர் ஹெசூஸ் பிளாஸ்கோ என்ற ஸ்பெயின்காரர். முதலில் கதை எழுதியவர் கென்னத் புல்மர். லூயிஸ் கிராண்டெல் ஆய்வுக்கூட விபத்தில் வலது கையை இழந்தவன். உடம்பில் மின்சாரம் பாய்ந்தால் இரும்புக்கை மட்டும் தெரியும், ஆள் மறைந்துவிடுவான். அந்த முதல் கதையில் அவன் நல்லவனே அல்ல! சக்தி கிடைத்ததும் திருடவும் மிரட்டவும் புறப்பட்டவன். அவன் திருந்தினான். பிறகு டாம் டல்லி என்ற எழுத்தாளர் தொடரை எடுத்து நடத்திய காலத்தில்தான் நாட்டுக்காக உழைக்கும் உளவாளியாக நிலைத்தான். தமிழ்ப் பிள்ளைகள் உயிராக நேசித்த மாயாவியை உண்டாக்கியதில் அந்த இரண்டாவது பேனாவுக்குப் பெரிய பங்கு உண்டு. இங்கிலாந்தில் அவனை மறந்துபோன பின்னும் தமிழில் மறுபதிப்புகள் வந்துகொண்டேயிருந்தன. கை போனவனுக்கு ஏன் நம் மக்களிடம் இத்தனை அன்பு என்று நான் யோசித்ததுண்டு. தோட்டத்து ரப்பர் ஆலையின் உருளையில் விரலைக் கொடுத்துவிட்டு வந்தவர்களை நாம் பார்த்திருக்கிறோம். அவர்களுக்கு இரும்புக்கை கிடைக்கவில்லை.

இதுவரை சொன்ன பேனாக்களெல்லாம் வெள்ளையர் கையிலேயே இருந்தவை. பேனா எவரைப் பற்றிய கதையோ அவர்கள் கைக்கே போனால் என்ன நடக்கும்? அதற்கும் ஓர் உதாரணம் இருக்கிறது. இந்தத் தலையங்கம் எழுதக் காரணமே அதுதான்.

பிளாக் பாந்தர். கருஞ்சிறுத்தை. 2018-இல் படம் வந்தபோது உங்கள் பிள்ளைகள் ஈப்போவில் போய்ப் பார்த்துவிட்டு வந்து இரண்டு கைகளையும் நெஞ்சில் குறுக்கே மடக்கிக் காட்டியிருப்பார்கள். படம் வருவதற்கு ஐம்பது ஆண்டுகளுக்கு முன்பே அவன் காமிக்ஸில் இருந்தான். 1966 ஜூலை தேதியிட்ட 'ஃபன்டாஸ்டிக் ஃபோர்' இதழில் ஸ்டான் லீயும் ஜாக் கிர்பியும் அவனை அறிமுகப்படுத்தினார்கள். பெயர் டச்சாலா. ஆப்பிரிக்காவில் எந்த வெள்ளையனும் பிடிக்காத வகாண்டா என்ற நாட்டின் அரசன். பூமிக்கடியில் வைப்ரேனியம் என்ற அரிய உலோகம். அமெரிக்காவின் பெரிய காமிக்ஸ் கம்பெனிகளில் தோன்றிய முதல் கறுப்பின மாவீரன் அவன். உருவாக்கிய இருவரும் யூதக் குடும்பங்களில் பிறந்தவர்கள், நல்ல மனசோடுதான் செய்தார்கள். அதே ஆண்டு அக்டோபரில் ஓக்லாந்து நகரில் கறுப்பின இளைஞர்கள் உரிமைக்காகத் தொடங்கிய கட்சிக்கும் கருஞ்சிறுத்தை என்றே பெயர். கட்சியின் பெயர் அரசாங்கத்தைக் கலக்கியதும் கம்பெனிக்குச் சங்கடமாகிவிட்டது. 1972-இல் கொஞ்ச நாள் மாவீரனின் பெயரையே 'பிளாக் லெப்பர்ட்' என்று மாற்றிப் பார்த்தார்கள். எடுபடவில்லை. பழைய பெயருக்கே திரும்பினார்கள்.

1973-இல் டான் மெக்ரெகர் என்ற இளம் எழுத்தாளரிடம் பேனா வந்தது. அவர் வெள்ளையர். மார்வெல் கம்பெனியில் பிழை திருத்துபவராக வேலை பார்த்தவர். 'ஜங்கிள் ஆக்‌ஷன்' என்ற இதழில் வெள்ளைக்கார வீரர்கள் ஆப்பிரிக்கக் காட்டை ஆளும் பழைய கதைகளை மறுபதிப்பாகப் போட்டுக்கொண்டிருந்தார்கள். இந்தக் காலத்தில் இது என்ன அசிங்கம் என்று அவர் சொன்னதன் விளைவாக அந்த இதழே கருஞ்சிறுத்தைக்குக் கிடைத்தது. அவர் வகாண்டாவுக்குள்ளேயே கதையை நடத்தினார். ஏறக்குறைய எல்லாப் பாத்திரங்களும் கறுப்பினத்தவர். பெரும்பாலான இதழ்களை வரைந்த பில்லி கிரஹாமும் கறுப்பினத்தவர். கதையில் வெள்ளையர்கள் எங்கே என்று அலுவலகத்தில் கேட்டார்களாம். மெக்ரெகரே பின்னாளில் சொல்லியிருக்கிறார். பிறகு டச்சாலாவை அமெரிக்காவின் தென்பகுதிக்குக் கொண்டுபோய், கறுப்பினத்தவரை வேட்டையாடிய கு கிளக்ஸ் கிளான் வெறியர்களோடு மோத விட்டார். அந்தக் கதை முடியுமுன்பே 1976-இல் இதழ் நின்றுபோனது.

கடைசிப் பக்கம் கிழிந்த காமிக்ஸ் எங்கள் சவரக் கடையில் மட்டும் இல்லை போலும்.

1998-இல் கிறிஸ்டபர் பிரீஸ்ட் வந்தார். கருஞ்சிறுத்தைக்குத் தொடர்ந்து கதை எழுதிய முதல் கறுப்பின எழுத்தாளர் அவர்தான். மாவீரன் பிறந்து முப்பத்திரண்டு ஆண்டுகள் கழித்து! அவர் செய்த வேலை எனக்கு மிகவும் பிடிக்கும். கதையின் பெரும்பகுதியை எவெரெட் ராஸ் என்ற வெள்ளைக்கார அமெரிக்க அதிகாரியின் வாயால் சொல்ல வைத்தார். அந்த மனுஷனுக்கு எதுவும் புரியாது, எதற்கும் பயம். இத்தனை காலம் கறுப்பினத்தவரை அசடுகளாகக் காட்டிய கதைகளுக்கு அவர் கத்தாமல் கொடுத்த பதிலடி அது. அவர் எழுதிய தொடர் 2003 வரை 62 இதழ்கள் வந்தது.

நான் முக்கியமாகச் சொல்ல வந்தது 2016-ஐப் பற்றி. அந்த ஏப்ரலில் டா-நஹாசி கோட்ஸ் என்பவர் பேனாவை எடுத்தார். படக்கதைக்குப் புதியவர். பத்திரிகையாளர். அடிமை முறைக்கும் அதன் பின் நடந்த கொள்ளைக்கும் அமெரிக்கா நஷ்டஈடு கொடுத்தாக வேண்டும் என்று 2014-இல் அவர் எழுதிய நீண்ட கட்டுரை நாட்டையே பேச வைத்தது. மறு ஆண்டு அவருடைய நூலுக்குத் தேசிய நூல் விருது கிடைத்தது. பால்டிமோர் நகரத்தின் ஏழைப் பகுதியில் காமிக்ஸ் படித்து வளர்ந்தவர். அவருடைய தந்தை யார் தெரியுமா? கருஞ்சிறுத்தைக் கட்சியில் இருந்தவர். பின்னர் கறுப்பினத்தவரின் மறந்துபோன நூல்களைத் தேடி அச்சிட ஒரு பதிப்பகம் தொடங்கியவர். எந்தக் கட்சிக்குப் பயந்து கம்பெனி தன் மாவீரனின் பெயரை மாற்றியதோ, அந்தக் கட்சிக்காரரின் மகன் கைக்கு மாவீரன் வந்து சேர்ந்தான்.

வந்தவர் என்ன செய்தார்? எல்லோரும் எதிர்பார்த்தது, டச்சாலா வெள்ளை வெறியர்களைத் துவைத்து எடுப்பான் என்று. கோட்ஸ் அப்படித் தொடங்கவில்லை. முதல் இதழின் தொடக்கத்தில் அரசன் போய் நிற்கும் இடம் ஒரு சுரங்கம். வைப்ரேனியம் தோண்டும் தொழிலாளர்கள் அவன் முன்னால் நிற்கிறார்கள். கும்பிடவில்லை. கோபத்தோடு அவன் மேலேயே பாய்கிறார்கள்! மனத்துக்குள் புதைந்து கிடப்பதை வெளியே இழுத்துவிடும் சக்தி படைத்த ஒரு பெண் அவர்களின் கோபத்தைத் தூண்டிவிட்டிருக்கிறாள். ஆனால் கோபம் அவள் உண்டாக்கியது அல்ல. ஏற்கெனவே இருந்தது. வெள்ளம் வந்தபோது, அந்நியப் படை வந்தபோது, எங்கள் அரசன் எங்கே போயிருந்தான் என்று நாடே கேட்கிறது. உலகத்திலேயே முன்னேறிய நாடு, படித்த மக்கள், மண்ணுக்கடியில் பெருஞ்செல்வம். அப்படியிருக்க, ஒரு குடும்பத்தில் பிறந்தான் என்பதற்காக ஏன் ஒருவன் எங்களை ஆள வேண்டும்?

ஐம்பது ஆண்டுகளாக அத்தனை பேர் எழுதியும் இந்தக் கேள்வியை இவ்வளவு நேராக முன்னால் வைத்தவர் இல்லை. அரசன் நல்லவன், ஆகவே மக்கள் சந்தோஷமாக இருப்பார்கள் என்று நினைத்துக்கொண்டார்கள். காட்டுக்குள் இருக்கும் நல்ல துரைதான் மறுபடியும். தோலின் நிறம் மட்டும் வேறு.

கோட்ஸின் கதையில் அரச மெய்க்காப்பாளராக இருந்த அனேகா, ஆயோ என்ற இரு பெண்கள் கலகம் செய்கிறார்கள். பெண்களைச் சீரழித்த ஒரு தலைவனைக் கொன்றதற்காக அனேகாவுக்கு மரண தண்டனை விதிக்கப்படுகிறது. ஆயோ அவளைச் சிறையிலிருந்து மீட்கிறாள். இருவரும் சட்டம் எட்டிப்பார்க்காத இடங்களில் அடிமைப்பட்டுக் கிடந்த பெண்களை விடுவிக்கிறார்கள். இன்னொரு பக்கம் சங்கமிரே என்ற கிழ ஆசிரியர், முடியாட்சியே தவறு என்று மாணவர்களுக்குப் பாடம் சொன்னவர். அவருடைய பழைய மாணவன் ஒருவன் அந்தப் பாடத்தை எடுத்துக்கொண்டு வன்முறைக்குப் போகிறான். ஆசிரியர் அவனோடு போக மறுக்கிறார். நம் மாவீரன் செய்யும் காரியம் என்ன? கலகத்தை ஒடுக்கும் வழி கேட்டு மற்ற நாட்டுச் சர்வாதிகாரிகளின் காவல் அதிகாரிகளைக் கூப்பிட்டு வைத்துப் பேசுகிறான்! அந்தப் பேச்சு ஒளிப்பதிவாகி நாடு முழுக்கப் பரவி, அவன் மானம் போகிறது. பன்னிரண்டு இதழ் முடிவில் அவன் கண்டது எதிரியின் பிணத்தை அல்ல. மக்களின் பிரதிநிதிகள் கூடி அரசியல் சட்டம் எழுதுவதை. அரசன் இருப்பான், ஆனால் தனியாக ஆள முடியாது.

குறையும் சொல்ல வேண்டும். பேச்சு அதிகம். சில பக்கங்களில் படத்தை வசனம் மூடிவிடுகிறது. பழைய இதழ்களைப் படிக்காதவருக்கு யார் எவரென்று பிடிபட நேரமாகும். கட்டுரை எழுதிப் பழகிய கை, குத்துச் சண்டையை எப்படி முடிப்பது என்று தயங்குவது தெரிகிறது. பிரையன் ஸ்டெல்ஃப்ரீஸ் வரைந்த படங்கள் பல இடங்களில் அவரைத் தூக்கிப் பிடிக்கின்றன. முதல் இதழைக் கடைகள் இரண்டரை லட்சம் பிரதிகளுக்கு மேல் வாங்கின. பிறகு அந்த அளவு நிற்கவில்லை. ஆனாலும் கம்பெனி அவரை விடவில்லை. 2021 வரை எழுதினார்.

மற்றவர்களுக்கு அந்த அதிர்ஷ்டம் இல்லை. அதே 2016 நவம்பரில், வகாண்டாவின் பெண்களைப் பற்றிய தனித் தொடரை ராக்சேன் கே, யோனா ஹார்வி என்ற இரு கறுப்பினப் பெண் எழுத்தாளர்கள் தொடங்கினார்கள். ஆறே இதழில் நிறுத்திவிட்டார்கள். 2018-இல் காமிக்ஸ் உலகின் பெரிய விருதான ஐஸ்னர் அதற்குக் கிடைத்தது. நின்றுபோன தொடருக்கு விருது! 2009 முதல் மார்வெல் டிஸ்னியின் சொத்து என்பதை மறந்துவிடாதீர்கள். விற்கும் வரை பேனா நம்முடையது, விற்காவிட்டால் அவர்களுடையது. மாவீரனை வாடகைக்கு எடுப்பது தோட்டத்து வீட்டில் குடியிருப்பதைப் போலத்தான். வேலை இருக்கும் வரை வீடு. தோட்டம் விற்றுப்போனால் சாமான்களை லோரியில் ஏற்று. செமோரில் இதை நான் யாருக்கும் விளக்க வேண்டியதில்லை. நாம் பால் வெட்டிய நிரைகள் இருந்த இடங்களில் இன்று தாமான்களும் தொழிற்பேட்டைகளும் நிற்கின்றன.

சொந்த வீடு கட்டியவர் கதையும் நம் பக்கத்திலேயே இருக்கிறது. லாட் 1951-இல் கோப்பெங் வட்டாரக் கம்பம் ஒன்றில் பிறந்தார். ஈப்போவில் படித்தார். 1979-இல் 'கம்போங் போய்' என்ற படக்கதை நூலைக் கொண்டுவந்தார். அதில் பறக்கும் மாவீரன் இல்லை. ஒரு மலாய்க்காரச் சிறுவன், ஆறு, ரப்பர் மரம், கம்பத்தின் அருகே உறுமிக்கொண்டிருக்கும் ஈயக் கப்பல். அவ்வளவுதான். உலகம் அதைப் பல மொழிகளில் படித்தது. நம்மையும் அவர் அன்போடுதான் வரைந்தார். இருந்தாலும், பேராக்கின் ஒரு மலாய்க் கம்பத்தை அங்கே பிறந்தவரே வரைந்துவிட்டார். அதே பேராக்கின் ஒரு தமிழ்த் தோட்டத்தை, லயத்தின் திண்ணையிலிருந்து பார்த்து, அதே அளவுக்கு உலகம் அறியும்படி வரைந்தவர் யார்?

நாம் எழுதாமல் விட்டால் எழுதாத பக்கமாக அது காலியாக இருக்காது. வேறொருவர் எழுதுவார். 'இண்டர்லோக்' நாவலை மறந்திருக்க மாட்டீர்கள். அப்துல்லா ஹுசேன் எழுதி 1971-இல் வெளிவந்த அந்த நாவல் 2011-இல் ஐந்தாம் படிவ இலக்கியப் பாடநூலானது. நம் மக்களைக் குறிக்க அதில் வந்த ஒரு சாதிச் சொல்லுக்காக நாடெங்கும் எதிர்ப்பு கிளம்பியது. அந்த ஆண்டு இறுதியில் பாடத்திட்டத்திலிருந்து எடுத்தார்கள். மூன்று இனங்களும் சேர்ந்து வாழ வேண்டும் என்பதே ஆசிரியரின் எண்ணமாக இருந்திருக்கலாம். அதை நான் மறுக்கவில்லை. ஸ்டான் லீக்கும் நல்ல மனசுதான். நல்ல மனசு மட்டும் இருந்து, லயத்துக்குள் ஒரு நாளும் படுத்து எழாதவர் எழுதினால் இப்படித்தான் ஆகும். புத்தகத்தை எடுக்கச் சொல்லி நாம் போராடினோம், சரி. அந்தக் காலியிடத்தில் வைக்க நம் கையில் என்ன இருந்தது?

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன், இது சிலருக்குக் கசக்கும். நம்மவர் எழுதும் கதை என்றாலே நம் தலைவரைப் புகழ வேண்டும் என்று ஒரு பழக்கம் நம்மிடம் இருக்கிறது. மாலை, பொன்னாடை, முதல் வரிசை நாற்காலி. கோட்ஸ் தம் மக்களின் ஒரே கற்பனை அரசனைக் கையில் வாங்கியதும் மாலை போடவில்லை. சுரங்கத் தொழிலாளியின் முன்னால் கொண்டுபோய் நிறுத்திப் பதில் சொல்ல வைத்தார். வெளியார் அப்படி எழுதியிருந்தால் அவமானம் என்றிருப்போம். வீட்டுப் பிள்ளை கேட்கும்போது அது கணக்கு. கிந்தா பள்ளத்தாக்கிலும் ஈயத்தைத் தோண்டியவர்கள் இருந்தார்கள், பால் வெட்டியவர்கள் இருந்தார்கள். அந்தச் செல்வம் எங்கே போனது, நம் பெயரைச் சொல்லி மேடை ஏறியவர்கள் அதில் எதை நமக்குக் கொண்டுவந்தார்கள் என்று ஒரு கதையாவது கேட்கட்டுமே. அந்தக் கதைக்கு முதலில் கல் எறிகிறவர்கள் நாமாக இருந்துவிடக் கூடாது.

பெற்றோர்களே, உங்களிடம் கேட்பது சின்ன விஷயம். பிள்ளை காமிக்ஸ் படித்தால் பிடுங்கி வீசாதீர்கள். எந்த மொழியில் வேண்டுமானாலும் படிக்கட்டும். தமிழில் கிடைத்தால் இன்னும் நல்லது. படித்து முடித்ததும் ஒரு கேள்வி மட்டும் கேளுங்கள்: இந்தக் கதையை யாரப்பா எழுதினது? அட்டையில் பெயர் இருக்கும். மாவீரனின் பெயரைப் போலவே அந்தப் பெயரையும் பிள்ளை தெரிந்துவைத்திருக்கட்டும்.

பிறகு பாட்டியிடம் அனுப்புங்கள். விடியுமுன் நெற்றியில் விளக்கைக் கட்டிக்கொண்டு, இடுப்பில் உளியோடு, அட்டை கடிக்கும் காட்டில் தனியாக நிரை போனவள் அவள். முகமூடி ஒன்றுதான் போடவில்லை. மழை பெய்தால் கூலி கிடையாது என்ற காலத்தில் வானத்தைப் பார்த்தே நேரம் சொன்னவள். அவளுக்கு எந்த இதழிலும் இடம் கிடைக்கவில்லை. அவள் சொல்வதைப் பிள்ளை கட்டம் கட்டமாக வரையட்டும். கோடு கோணலாக இருந்தால் இருக்கட்டும். எழுத்துப்பிழையைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

பழைய முடிதிருத்தும் கடை இப்போது இல்லை. அந்த இடத்தில் கைத்தொலைபேசி விற்கிறார்கள். போன மாதம் செமோரில் உறவினர் வீட்டுக்குப் போயிருந்தேன். அங்கே நான்காம் ஆண்டு படிக்கும் பையன் கணக்கு நோட்டை மறைத்து மறைத்து வைத்தான். பயிற்சி செய்யவில்லை போலும் என்று அம்மா பிடுங்கினார். கடைசி நான்கு பக்கத்திலும் படம். ஒரு லோரி, பழைய வீடு, பலகையும் தகரமும் ஏற்றும் ஆட்கள், கூரையின் மேல் ஒரு கிழவி இறங்க மாட்டேன் என்று நிற்கிறாள். அவள் முதுகில் துணி பறக்கிறது. சேலையா, மாவீரர்கள் அணியும் மேலங்கியா என்று கேட்டேன்.

"இன்னும் முடிக்கல மாமா" என்று நோட்டைத் திரும்ப வாங்கிக்கொண்டான்.